இரண்டு கோடுகளுக்கு நடுவில்

சில வருடங்களுக்கு முன்னால் ஆபீஸில் ஒரு டாஷ்போர்டு செய்து கொடுத்தேன். ஆண்டுத் தொடக்கத்திலிருந்து மொத்தமாக வந்த புகார்கள் ஒரு கோடு, முடித்துக் கொடுத்தவை இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் தேங்கி நிற்கும் வேலை. சப்போர்ட் டீமில் இருந்த ஒரு தம்பி வந்து, "வேலை சேர்ந்துக்கிட்டே போகுதுண்ணா, சமாளிக்க முடியல" என்றார். நான் ஸ்கிரீனைக் காட்டி, "இடைவெளி அப்படியேதானப்பா இருக்கு" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் ஒரு எண்ணிலிருந்து இன்னொன்றைக் கழித்துப் பார்த்தேன். தேக்கம் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. எண்கள் சரி, கோடுகளும் சரி. பிறகு எப்படி ஏமாந்தேன்? தேடிக்கொண்டே போனதில் 1786-இல் போய் நின்றேன்.

அந்த ஆண்டு லண்டனில் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஜேம்ஸ் வாட்டிடம் படவரைவாளராக வேலை பார்த்தவர். சின்ன வயதில் அண்ணன் ஜான் இவரைத் தினமும் வெப்பமானியைப் பார்த்துக் குறித்து, அதைக் கோடாக வரையச் சொன்னாராம். அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டுபோய் நாட்டின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கில் வைத்தார். அதுவரை பட்டியலாகவே கிடந்த வணிகக் கணக்கு கோடாக மாறியது. இன்று எக்செலில் நாம் போடும் லைன் சார்ட், பார் சார்ட் இரண்டும் அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன. பை சார்ட்டையும் 1801-இல் அவரேதான் கொண்டுவந்தார்.

அந்த 1786 புத்தகத்தில் ஒரு படம், கிழக்கிந்தியப் பகுதிகளோடு இங்கிலாந்து செய்த வணிகம். மேலே இறக்குமதிக் கோடு, கீழே ஏற்றுமதிக் கோடு. நடுவில் இருப்பது இங்கிலாந்துக்குப் பாதகமான வித்தியாசம். பார்த்தால் இடைவெளி ஓரளவு சீராகப் போவதுபோலத்தான் இருக்கும்.

1984-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் இருவரும் இதே படத்தை எடுத்து, வித்தியாசத்தை மட்டும் தனிக் கோடாக வரைந்தார்கள். 1760-க்குச் சற்றுப் பிந்தி வித்தியாசம் சட்டென்று ஏறி இறங்கியிருப்பது தெரிந்தது. (வந்தவாசிப் போர் நடந்ததும் 1760-தான். அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, காலத்தை மனதில் வைத்துக்கொள்ளத்தான்.) பிளேஃபேர் எதையும் மறைக்கவில்லை. ஆனாலும் வாசகன் கண்ணுக்கு அது தட்டுப்படாது.

காரணம் எளிது. வித்தியாசத்தை அறிய மேலிருந்து கீழாக, செங்குத்தாக அளக்க வேண்டும். நம் கண் அப்படி அளப்பதில்லை. ஒரு கோட்டிலிருந்து மற்றதற்கு எது கிட்டத்தில் இருக்கிறதோ, அந்தத் தூரத்தையே எடுத்துக்கொள்கிறது. ரெண்டு கோடும் 60 டிகிரி சரிவில் ஏறினால், செங்குத்து இடைவெளியில் பாதிதான் கண்ணுக்குத் தெரியும். பள்ளியில் படித்த காஸ் 60 = 0.5, அவ்வளவுதான். சந்தேகமிருந்தால் கிராஃப் தாளில் போட்டுப் பாருங்கள். வேலை குவியும் நாட்களில்தான் கோடுகள் செங்குத்தாக ஏறும், கண்ணும் அப்போதுதான் குறைவாகக் காட்டும்.

அந்த இருவரும் சோதனைகள் செய்து ஒரு வரிசையும் சொன்னார்கள். ஒரே அளவுகோலின் மேல் இருக்கும் இடத்தை நாம் நன்றாகக் கணிக்கிறோம். நீளம், கோணம் அதற்கு அடுத்து. பரப்பளவு இன்னும் மோசம், நிறத்தின் அடர்த்தி கடைசியில். பை சார்ட்டை விட பார் சார்ட் தெளிவாகப் புரிவது இதனால்தான்.

இப்போது நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். இந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு என்ன கேள்வி என்று முதலில் எழுதிக்கொள்வேன். கேள்வி வித்தியாசத்தைப் பற்றியது என்றால் வித்தியாசத்தையே வரைந்துவிடுவேன். கழித்தல் கம்ப்யூட்டர் வேலை, அதைக் கண்ணிடம் தள்ளிவிடக் கூடாது.

அந்தத் தம்பிக்கு போன் போட்டு, நீ சொன்னதுதான் சரி என்றேன். "நான் சார்ட்டெல்லாம் பாக்கலண்ணா, ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போறேன்னு பாத்தேன்" என்றார்.