28-க்கு 22

பிக் ஈஸ்ட் என்ற அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக் கூட்டணி உடைந்த 2012 டிசம்பர் 15-ஐ இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஏழு கத்தோலிக்கக் கல்லூரிகள் ஏன் வெளியேறின என்று கேட்டால், ஃபுட்பால் பணம் என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள். (நம் கால்பந்து அல்ல, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதும் அமெரிக்க ஆட்டம்.) அது பாதி உண்மைதான். வெறும் கூடைப்பந்தை நம்பிப் பிழைத்துவிடலாம் என்ற துணிச்சல் அந்த ஏழுக்கும் எங்கிருந்து வந்தது? அதைச் சொல்ல 1985 ஏப்ரல் 1-ஆம் தேதி இரவு, கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் உள்ள ரப் அரங்குக்குப் போயாக வேண்டும்.

அன்று தேசியக் கல்லூரிக் கூடைப்பந்துத் தொடரின் இறுதியாட்டம். மோதியவை அந்த ஏழில் இரண்டு. ஒரு பக்கம் நடப்பு சாம்பியன் ஜார்ஜ்டவுன். கூடைக்கு அடியில் மதில்போல பேட்ரிக் யூயிங். எல்லைக்கோட்டருகே தோளில் வெள்ளைத் துண்டோடு பயிற்சியாளர் ஜான் தாம்ப்சன். முதல் பிரிவுப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினப் பயிற்சியாளரான அவரை அன்றைய பத்திரிகைகள் பல முரடராகத் தீட்டின. அந்தச் சித்திரத்தை நான் ஏற்கவில்லை. எதிரில் வில்லனோவா. பெயரில்தான் வில்லன், அன்றைக்கு அதுவே நாயகன். தன் வட்டாரத் தரவரிசையில் எட்டாம் இடம் கொடுத்து உள்ளே விட்ட அணி, அந்த சீசனில் ஜார்ஜ்டவுனிடம் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தது. இத்தனை விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற கெடு அந்தத் தொடரில் கிடையாது. வில்லனோவா பயிற்சியாளர் ராலி மாசிமினோ அதைத்தான் ஆயுதமாக்கினார். நல்ல வாய்ப்பு வரும்வரை பந்து கைமாறிக்கொண்டே இருந்தது. மொத்தம் 28 எறிதல், 22 கூடை. இரண்டாம் பாதியில் எறிந்த பத்தில் தவறியது ஒன்றே ஒன்று. பெஞ்சிலிருந்து எழுந்து வந்த ஹெரால்ட் ஜென்சன் ஐந்துக்கு ஐந்து. முடிவு 66-64. அடுத்த சீசனிலேயே 45 விநாடிக் கெடு எல்லோருக்கும் வந்துவிட்டது. 1985-இல் அரையிறுதிக்கு வந்த நான்கில் மூன்று அணிகள் பிக் ஈஸ்டைச் சேர்ந்தவை என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆட்டத்தில் இத்தனை நேரம் நின்றதற்குக் காரணம் உண்டு. கூடைப்பந்தில் களத்தில் நிற்பவர் ஐந்து பேர். 2012-இல் இருந்த விதிப்படி ஒரு முதல் பிரிவு ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு அதிகபட்சம் 13 உதவித்தொகைகள். உச்சநிலை ஃபுட்பாலுக்கு 85. ஒரு சின்னக் கத்தோலிக்கக் கல்லூரி நல்ல ஐந்து பேரைத் தேடிப்பிடித்துவிடலாம். ஃபுட்பால் படையைத் திரட்டித் தீனிபோட முடியாது. பிராவிடன்ஸ் கல்லூரியின் டேவ் கேவிட் இதை அறிந்துதான் 1979-இல் பிக் ஈஸ்டைக் கட்டினார். நியூயார்க், பாஸ்டன், வாஷிங்டன் என்று தொலைக்காட்சிப் பெட்டிகள் நிறைந்த நகரங்களாகப் பார்த்து அணி சேர்த்தார். அதே ஆண்டு பிறந்த விளையாட்டு அலைவரிசை இஎஸ்பிஎன்னுக்கும் நாளெல்லாம் காட்ட ஏதாவது வேண்டியிருந்தது. ஆனால் ஜார்ஜ்டவுன் பட்டம் வென்ற 1984-இலேயே, ஜூனில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஃபுட்பால் ஒளிபரப்பின் மீது கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ வைத்திருந்த பிடியை அறுத்தது. கூடைப்பந்தின் மார்ச் மாதத் தேசியத் தொடர்ப் பணம் பொதுக்கல்லாவுக்கு வந்து பங்கு பிரிந்தது. ஃபுட்பால் பணமோ விற்ற கூட்டணியின் மடியிலேயே தங்கியது. ஃபுட்பால் வைத்திருந்த கல்லூரிகளுக்கு அதன்பிறகு கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

1982-இல் பென் ஸ்டேட்டை ஒரே ஓட்டு குறைந்ததால் வெளியே நிறுத்தியதுதான் ஆதிப்பிழை என்று ஒரு வாதம் உண்டு. அந்த ஃபுட்பால் பெருந்தலையைச் சேர்த்திருந்தால் வீடு சிதறியிருக்காதாம். எனக்கு இது பொருந்தவில்லை. 1991-இல் ஃபுட்பாலுக்காகவே மயாமியை அழைத்துவந்தார்கள். உள்ளே இருந்துகொண்டே அது 2001-இல் தேசியப் பட்டம் வென்றது. பிறகு? 2004-இல் வர்ஜீனியா டெக்கோடு ஏசிசி என்ற வேறொரு கூட்டணிக்குப் போய்விட்டது. நல்ல விலை கிடைத்ததும் மயாமி கிளம்பியது என்றால் பென் ஸ்டேட் மட்டும் உறவுக்காகத் தங்கியிருக்குமா? வந்த விருந்தாளி போனதில் எனக்கு வருத்தம் இல்லை. வீட்டைக் கட்டியவர்களே போனதுதான் உறுத்துகிறது. 2005-இல் பாஸ்டன் கல்லூரி போனது. 2011 செப்டம்பர் 16-இல் கேவிட் இறந்தார். அடுத்த இரண்டே நாளில் சிரக்யூஸையும் பிட்ஸ்பர்கையும் சேர்த்துக்கொண்டதாக ஏசிசி அறிவித்தது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள்கூட அதைவிடக் கொஞ்சம் காத்திருப்பார்கள்.

2012-இல் பிரிந்த ஏழு கல்லூரிகளும் செழித்தனவா என்று கேட்பவர்களுக்குப் பதில் அவ்வளவு எளிதல்ல. ஏழில் ஒன்றான டிபால் எழவே இல்லை. ஜார்ஜ்டவுன் பழைய ஜார்ஜ்டவுன் இல்லை. 2024-இல் தேசியத் தொடருக்கு பிக் ஈஸ்டிலிருந்து அழைக்கப்பட்டவை மூன்றே அணிகள். பிளவில் கைவிடப்பட்ட கனெக்டிகட், 2014-இல் ஃபுட்பால் பக்கத்திலிருந்தே பட்டம் வென்று காட்டியது என்பதும் வலுவான ஆட்சேபம்தான். ஆனால் அதே கனெக்டிகட் 2020-இல் தன் ஃபுட்பாலை எந்தக் கூட்டணியிலும் சேர்க்காமல் தனியே விட்டுவிட்டு, கூடைப்பந்தோடு பழைய வீட்டுக்குத் திரும்பியது. 2023, 2024 பட்டங்கள் இரண்டும் அதற்கே. நடுவில் 2016, 2018 பட்டங்களை வில்லனோவா எடுத்துக்கொண்டது. தனியே வந்தால் வெற்றி நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. ஃபுட்பாலோடு ஒரே கூரையில் இருந்தவரை, இந்தக் கல்லூரிகளின் கதி அடுத்தவருடைய பேரத்தில் தொங்கியது. வெளியே வந்தபின் தோற்றாலும் அது அவர்கள் ஆடித் தோற்றது.

டிசம்பர் 15-க்கு இந்த வாரம் இடமில்லாமல் போயிற்று. வெளியேறிய ஏழு பேர் பிக் ஈஸ்ட் என்ற பெயரையும் மேடிசன் ஸ்கொயர் கார்டனையும் எப்படிக் கையோடு கொண்டுபோனார்கள் என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)