கொழுப்பை விழுங்கிய செல்

கத்தரியின் ஒரு முனையைப் பெருந்தமனிக்குள் விட்டு நெடுக வெட்டிக்கொண்டு போகும்போது, சில உடல்களில் முட்டை ஓடு நொறுங்குவது போலச் சத்தம் கேட்கும். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் நோய்க்குறியியல் துறையில் 31 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். அந்தச் சத்தம் கேட்டதும் மாணவர்கள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார்கள். அது சுண்ணாம்பு ஏறிய இடம். பக்கத்திலேயே விரலால் அழுத்தினால் மஞ்சளாகக் கூழ் பிதுங்கும். கிரேக்கத்தில் 'அதீரே' என்றால் கூழ், 'ஸ்க்லீரோசிஸ்' என்றால் இறுகிப்போதல். இரண்டையும் சேர்த்து 1904இல் ஃபெலிக்ஸ் மார்ச்சண்ட் இந்த நோய்க்கு 'அதிரோஸ்க்லீரோசிஸ்' என்று பெயர் வைத்தார். 1829இல் லோப்ஸ்டைன் வைத்த பழைய பெயரில் இறுக்கம் மட்டும்தான் இருந்தது. கூழைச் சேர்த்தது சரியே. பெரும்பாலும் ஆளைச் சாய்ப்பது அந்தக் கூழ்தான்.

அந்தக் கூழைப் பற்றி நான் எப்படிப் பாடம் நடத்தினேன் என்று நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. "குழாயில் அழுக்குப் படிகிற மாதிரி" என்றேன். பல ஆண்டுகள் அப்படித்தான் சொன்னேன். ஸ்லைடில் கண்ணெதிரே கிடந்த செல்லை ஒரே வரியில் கடந்துபோனேன்.

அதன் பெயர் நுரைச் செல். திசுவை மெழுகில் பதிக்கும் முன் ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறவைப்போம். அதில் கொழுப்பெல்லாம் கரைந்து ஓடிவிடும். எஞ்சுவது சின்னச் சின்ன வெற்றுக் குமிழிகள், சோப்பு நுரை போல. கொலஸ்ட்ரால் படிகம் இருந்த இடத்தில் ஊசி வடிவக் கீறல்கள். கொழுப்பையே பார்க்க வேண்டுமென்றால் திசுவை உறையவைத்துச் சீவி, ஆயில் ரெட் சாயம் ஏற்ற வேண்டும். அப்போது ஒவ்வொரு செல்லும் குங்குமத்தை வாரி விழுங்கியது போலச் சிவந்து நிற்கும்.

அந்தச் செல் யார், எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு நூறு ஆண்டுக்கு மேல் வயது. வியன்னாவில் ரோகிடான்ஸ்கி, ரத்தத்திலிருந்து வந்து ஒட்டிய படிவே நோயின் தொடக்கம், அழற்சி பின்னால் வருவது என்றார். பெர்லினில் விர்ஷோ அதை ஏற்கவில்லை. சுவருக்குள் நடப்பது அழற்சிதான், அதுவே முதல் என்றார். 1850களில் நடந்த வாதம் இது. விர்ஷோவின் மாணவர் கோன்ஹைம் 1867இல் தவளையின் குடல்தாங்கிச் சவ்வை மைக்ரோஸ்கோப்பின் கீழ் விரித்துவைத்து, வெள்ளணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரை ஊடுருவி வெளியேறுவதைக் கண்டார். 1882இல் சிசிலித் தீவின் மெசினாவில் மெட்ச்னிகாஃப், கண்ணாடி போன்ற நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. விழுங்கும் செல்கள் உலகுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

இவற்றையெல்லாம் தமனியோடு சேர்த்துப் பார்த்தவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் நிக்கோலாய் அனிச்கோவ். அங்கே 1908இல் இக்னாடோவ்ஸ்கி முயல்களுக்கு இறைச்சியும் முட்டையும் பாலும் கொடுத்து, தமனி கெடுவதைக் காட்டியிருந்தார். அவர் புரதத்தின் மேல் பழி போட்டார். அனிச்கோவ், சலாட்டோவ் என்பவரோடு சேர்ந்து, தூய கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். ஆண்டு 1913. முயல்களின் பெருந்தமனியில் அதே மஞ்சள் கோடுகள் எழுந்தன. இதைப் பாடப்புத்தகங்கள் சொல்லும். அவர் கண்ட இன்னொன்றை அவை ஒரு வரியில் முடித்துவிடும். முனைவாக்கிய ஒளியில் பார்த்தபோது கொழுப்புத் துளிகள் செல்களுக்குள்ளே மின்னின. அவை விழுங்கும் செல்கள் என்று அவர் அடையாளம் கண்டார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

உலகம் அவருடைய கொலஸ்ட்ராலைக்கூட உடனே ஏற்கவில்லை. எலியிலும் நாயிலும் செய்து பார்த்தவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. அவற்றின் கல்லீரல் கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றித் தள்ளிவிடும். பிறகு கொலஸ்ட்ரால் தலைப்புச் செய்தியானபோது, அதை விழுங்கிய செல் பின்னுக்குப் போய்விட்டது. பெனிசிலின் புகழ் ஃபுளோரி, பூல் என்பவரோடு சேர்ந்து 1958இல் கொலஸ்ட்ரால் ஊட்டிய முயல்களின் தமனி உட்சுவரில் வெள்ளணுக்கள் ஒட்டுவதைக் காட்டினார். அதுவும் பெரிதாகப் பேசப்படவில்லை.

என் மனதைத் திருப்பியது டல்லஸில் பிரௌனும் கோல்ட்ஸ்டைனும் எதிர்கொண்ட புதிர். எல்டிஎல் கொழுப்பை உள்ளே வாங்கும் ஏற்பியே இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. பத்து, பன்னிரண்டு வயதிலேயே மாரடைப்பு வரலாம். வாங்கும் கதவே இல்லாத அந்த உடலில் நுரைச் செல்கள் மட்டும் எப்படி நிரம்பின? சாதாரண எல்டிஎல்லைக் கொடுத்தால், விழுங்கும் செல்லான மேக்ரோஃபேஜ் அதை அதிகம் தொடுவதில்லை. 1979இல் அவர்கள் அதை வேதிமுறையில் சற்று மாற்றிக் கொடுத்தார்கள். செல் இன்னொரு கதவு வழியாக வாரி விழுங்கியது. 'போதும்' என்று மூடிக்கொள்ளாத கதவு அது. தமனிச் சுவரில் சிக்கிய எல்டிஎல் ஆக்சிஜனேற்றத்தால் இப்படி மாறக்கூடும் என்பதைச் சான் டியேகோவில் ஸ்டைன்பெர்க் குழு காட்டியது. துப்புரவு செய்ய வந்த செல், தின்று தின்று நகர முடியாமல் அங்கேயே செத்துக் கூழாகிறது. குழாய் அழுக்கு என்று நான் சொன்னதில் பெரும்பகுதி இப்படிச் செத்த செல்கள்.

அதன் பிறகு ஆய்வு வேகம் பிடித்தது. ஸ்வீடனில் ஹான்சன் குழு 1980களின் நடுவில் அந்தப் படிவுகளுக்குள் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களையும் கண்டது. 1999இல் ரஸ்ஸல் ராஸ் இதை 'அழற்சி நோய்' என்றே தலைப்பிட்டு எழுதினார். விர்ஷோவின் பேச்சு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்தது. 2017இல் மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் ஒரு சோதனை முடிந்தது. கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கும் ஊசி. 150 மில்லிகிராம் அளவில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. தொற்றால் இறந்தவர்கள் சற்றுக் கூடினார்கள். காவல்காரனைக் கட்டிப்போட்டால் அது நடக்கத்தானே செய்யும். பிறகு, கீல்வாதத்துக்குக் கொடுக்கும் பழைய கால்சிசின் மாத்திரையைச் சிறு அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 2019, 2020 ஆய்வுகளில் பலன் தெரிந்தது. 2024இல் வந்த பெரிய ஆய்வில் தெரியவில்லை. வாதம் இன்னும் ஓயவில்லை.

கால்சிசின் என்ற பெயரைப் படித்ததும் எனக்கு மூலனூர்ப் பக்கத்துக் காடுகள்தான் நினைவுக்கு வந்தன. அங்கே கண்வலி என்று பயிரிடும் செங்காந்தளின் விதையில் இருப்பது அதே மருந்துதான். ஒரு கார்த்திகையில் உறவினர் வீட்டுக்குப் போனபோது, காலையில் கண்வலிக் காட்டில் பெண்கள் பூப்பூவாக மகரந்தத்தைத் தொட்டுவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த விதை எதுக்குப் போகுதுன்னு தெரியுமாங்க்கா?" என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன்.

"மூட்டு வலி மருந்துக்குன்னு சொல்றாங்க கண்ணு. பச்சையா வாயில வெச்சா ஆளையே கொன்னுபோடும்."

"மாரடைப்புக்கும் பார்க்கறாங்க" என்றேன்.

அவர் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். "எங்க வீட்டுக்காரரு அதுலதான் போனாரு" என்றார். பிறகு அடுத்த பூவுக்கு நகர்ந்தார்.