குடியாத்தம் சாலையில் தங்கியவர்கள்

நம் பக்கத்து மருத்துவ வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. வேலூர் என்றால் ஐடா ஸ்கடர், கரிகிரி என்றால் பால் பிராண்ட் என்று பெயர்கள் நிலைபெற்றுவிட்டன. அவர்களது பெருமைக்குக் குறைவு நேராமல் நாம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. அறுவைக்குப் பின் விரல்களைப் பழக்கியவர் யார்? தோலைக் கீறிக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சோதித்தவர் யார்? புண்பட்ட காலுக்குச் செருப்புத் தைத்தவர் யார்? இன்றைய அரசாணைகளின் மொழியில் இவர்கள் துணைநிலை மருத்துவப் பணியாளர்கள். இவர்களைக் கிராமத்தில் தங்கவைப்பது எப்படி என்று உலகெங்கும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குக் குடியாத்தம் வட்டம் ஏற்கெனவே ஒரு விடை சொல்லியிருக்கிறது.

1909இல் ஐடா ஸ்கடருக்கு ஒரு பிரெஞ்சு மோட்டார் வண்டி கிடைத்தது. அதில் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வேலூரிலிருந்து குடியாத்தம் சாலையில் வழிநெடுக நின்று நின்று வைத்தியம் பார்த்தார். மரத்தடிதான் மருத்துவமனை. மருந்து கலக்குபவரும் கட்டுப்போடுபவரும் உடன் சென்றனர். அதே ஆண்டில் வேலூரில் செவிலியர் பள்ளியும் தொடங்கப்பட்டது தற்செயலன்று என்றே நமக்குத் தோன்றுகிறது. மருத்துவர் ஒருவர் வந்து போகலாம்; போனபின் புண்ணைக் கழுவ ஆள் வேண்டும். அந்த ஆளை வெளியூரிலிருந்து எத்தனை நாள் வரவழைக்க முடியும்?

அம்மரத்தடிகளில் காத்திருந்தோரில் தொழுநோயாளரும் இருந்தனர். இந்நோயில் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்பதே அன்றைய நம்பிக்கை. நரம்பு கெட்டு உணர்ச்சி போவதால், சூடும் முள்ளும் தெரியாமல் ஏற்படும் காயங்களே உறுப்பைத் தின்கின்றன என்பதைப் பால் பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் வேலூரில் நிறுவினர். மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் தசைநாண் மாற்று அறுவை 1948இல் தொடங்கியது. ஆனால் அறுவை பாதி வேலைதான். இடம் மாற்றிய தசைக்குப் புதிய தொழிலைப் பல வாரங்கள் பொறுமையாகக் கற்றுத்தர வேண்டும். நோயிலிருந்து மீண்டவர்களிலேயே சிலர் பயிற்சி பெற்று அந்த வேலையைச் செய்யலாயினர். தம் கையில் அனுபவித்ததை இன்னொருவர் கைக்குச் சொல்லிக்கொடுத்த அவர்கள் ஊரைவிட்டு ஓடவில்லை.

1955இல் காட்பாடியை அடுத்த கரிகிரியில் ஷிஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. பின்னர் குடியாத்தம் வட்டம் அதன் தொழுநோய்க் கட்டுப்பாட்டுக் களமாயிற்று. களப்பணியாளர் ஊர் ஊராகச் சென்று வீடு வீடாக உடலைப் பார்க்க வேண்டும். தேமலில் உணர்ச்சி உண்டா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். முழங்கை நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். அக்காலத்து மருந்தான டாப்சோன் மாத்திரையை ஆண்டுக்கணக்கில், சிலர் ஆயுள் முழுக்க, விழுங்க வேண்டியிருந்தது. பெருவியாதி என்று பெயர் சொல்லவும் அஞ்சிய வீட்டில், மாதந்தோறும் புது முகம் வந்து நின்றால் கதவு திறக்குமா? இங்கே பணியாளர் தங்குவதென்பது சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

செருப்பின் கதை இன்னும் நுட்பமானது. உணர்ச்சியற்ற பாதத்தில் அழுத்தம் ஓரிடத்தில் குவிந்தால் புண் வரும். ஆகவே மெத்தென்ற நுண்துளை ரப்பரில், ஆணி அடிக்காமல், காலுக்கேற்ப அளவெடுத்துத் தைக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் பதனிடும் ஊர்கள் சூழ்ந்த நிலத்தில் தோலறிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தச் செருப்பே அடையாளமாகிவிட்டது. கறுப்பு ரப்பரைக் கண்டதும் ஊரார் நோயைக் கண்டுகொண்டனர்; நோயாளர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் புண்ணோடு நடந்தனர். பிறர் அணிவதைப் போன்ற வாரும் வடிவமும் அமைத்துத் தருவது எந்தப் பாடநூலிலும் முழுமையாக அடங்காத அறிவு. உள்ளூர்ச் சந்தையில் என்ன விற்கிறதென்று தெரிந்த தொழிலாளிக்கே அது கைவரும். அதே கைகளுக்கு ஏற்றுமதிக் காலணித் தொழிற்சாலையிலும் வேலை உண்டு என்பதையும் நாம் மறக்கலாகாது. தோல் நாட்டில் மருத்துவமனையின் போட்டி மற்றொரு மருத்துவமனையோடு அல்ல.

1977இல் குடியாத்தத்தை அடுத்த கே.வி.குப்பத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தொடங்கிய ரூஷா என்னும் கிராமநலத் திட்டமும் இதே வழியைத்தான் பின்பற்றியது. அந்தந்த ஊர்ப் பெண்களையே நலப்பணியாளர்களாகப் பழக்கியது. கிராமப் பின்னணி கொண்டவர்களைப் படிப்பில் சேர்த்தால் அவர்கள் கிராமத்தில் தங்கும் வாய்ப்பு அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரையாக எழுதியது 2010இல்தான்.

பிறகு என்ன ஆயிற்று? 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஆயுள் முழுக்க விழுங்கிய மாத்திரை குறித்த மாதங்களில் முடியும் மருந்தாயிற்று. மகத்தான முன்னேற்றம் அது, ஐயமில்லை. தொழுநோய்க்கெனத் தனியே இருந்த பணியமைப்பு பொதுச் சுகாதாரத்தோடு இணைக்கப்பட்டது. 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை நாடு எட்டியது. பொதுச் சுகாதார நோக்கில் நோய் ஒழிந்தது என்றனர். கிருமி போனது மெய். கெட்ட நரம்பு திரும்பவில்லை. உணர்ச்சியற்ற கால் உரியவர் சாகும்வரை உணர்ச்சியற்றதுதான். அந்தக் காலுக்கு ஆண்டுதோறும் புதுச் செருப்பு வேண்டும். நோயின் எண்ணிக்கையை வைத்து உருவாக்கிய பணியிடம் எண்ணிக்கையோடு போகும்; ஊனத்தை எண்ணிப் பணியிடம் உருவாக்கியிருந்தால் அது இருந்திருக்கும்.

2021இல் துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கென நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. குறைந்தது 2000 மணி நேரப் படிப்பை அது கேட்கிறது. போலிகளைத் தடுக்க இது தேவைதான். ஆனால் சில மாதப் பயிற்சியோடும் இருபதாண்டுப் பழக்கத்தோடும் ஊரில் நின்ற பழைய நுட்புநருக்கு இக்கணக்கில் இடம் எங்கே? பட்டம் பெற்ற இளைஞருக்குக் கிராமத்தில் மாளிகை வேண்டியதில்லை. நிரந்தரப் பணியிடமும் பதவி உயர்வுக்கு ஒரு படிக்கட்டும் வேண்டும். அவை இல்லாத இடத்தில் சேவை மனப்பான்மையைப் பற்றிப் பேசுவது நமக்குக் கூச்சத்தையே தருகிறது.

இன்று இதே சாலையில் நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சியை இழந்தவர்கள் நடக்கிறார்கள். நரம்பு கெடும் காரணம் வேறு. புண் வரும் வழி ஒன்றே. காக்கும் செருப்பும் ஏறத்தாழ அதே செருப்புதான். அதைத் தைக்கத் தெரிந்த கைகள் முதுமை எய்திக்கொண்டிருக்கின்றன. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஓர் இளைஞருக்குச் சம்பளம் கொடுக்க யாரேனும் முன்வந்தால், தங்கவைத்தல் என்னும் பெரிய சொல்லுக்கு அதுவே நல்ல தொடக்கமாக இருக்கும்.