வந்துபோன ஊழியரும் தங்கிய உபதேசியாரும்: நாகைக் கரையில் குறுகிய கால மிஷன் பயணங்கள்

விடுமுறையில் சில வாரங்கள் வெளிநாடு போய் ஊழியம் செய்துவிட்டுத் திரும்பும் வழக்கத்துக்கு 1957ஐத் தொடக்கமாகக் காட்டுவோர் உண்டு. அந்த ஆண்டு அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஜார்ஜ் வெர்வர் இரு நண்பர்களோடு மெக்சிகோ போனார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘ஆபரேஷன் மொபிலைசேஷன்’ இயக்கம். ஆனால் வேளாங்கண்ணி முதல் தரங்கம்பாடி வரையுள்ள கரையின் வரலாற்றை வைத்துப் பார்த்தால் கதை அவ்வளவு இளையதல்ல. வந்தவர் எத்தனை நாள் இருந்தார் என்பதைவிட அவருக்கு வாய்த்த உள்ளூர் ஆள் யார் என்பதே இங்கே பலனைத் தீர்மானித்திருக்கிறது.

வேளாங்கண்ணியின் கோயில் மரபே வந்துபோனவர்களைப் பற்றியதுதான். புயலில் தப்பிக் கரையேறிய போர்த்துக்கீசிய மாலுமிகளை மீனவர்கள் ஒரு கூரைக் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். மாலுமிகள் அதைக் கல்கோயிலாக்கினார்கள். பின்னொரு பயணத்தில் சீனப் பீங்கான் தட்டுகளைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள் என்கிறது அந்த மரபு. மோர் விற்ற சிறுவனுக்கு மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கூரைக் கோயில் அவர்கள் வருமுன்பே இருந்தது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனெரிகள் சீகன்பால்குவும் புளூச்சோவும் கோபன்ஹேகனிலிருந்து வந்துசேர ஏழு மாதத்துக்கு மேல் ஆனது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் சோழமண்டலக் கரைக்குக் கப்பல் அண்டாது. அண்டினாலும் துறைமுகம் இல்லை, சலங்குப் படகு ஏறித்தான் அலையைக் கடக்க வேண்டும். இரண்டு வார ஊழியம் என்ற எண்ணமே அன்று எழ வழியில்லை. தங்கியாக வேண்டும், தங்கினால் மொழி படித்தாக வேண்டும். சீகன்பால்கு மணலில் எழுதிப் படித்த திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துப் பழகினார். ஐரோப்பிய மொழிகள் தெரிந்த அழகப்பன் அவருக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தார்.

எதிர்த்திசைப் பயணமும் சீக்கிரமே நடந்தது. 1714இல் சீகன்பால்கு ஐரோப்பா கிளம்பியபோது மலையப்பன் என்ற தமிழரும் கப்பலேறினார். 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் லத்தீனில் அச்சானது. அதன் பின்னால் மலையப்பனின் நாவும் காதும் இருந்தன என்பது என் கணிப்பு. மிஷன் வரலாறுகள் அவருக்கு ஒதுக்கும் இடம் ஓரிரு வரிதான். இந்தக் கஞ்சத்தனம் அந்த நூல்களுக்கு வழக்கமானது.

ஐரோப்பியர் நினைத்தபோதெல்லாம் நுழைய முடியாத தஞ்சை நாட்டுக்குள் படைவீரராக இருந்த ராஜநாயக்கன் உபதேசியாராக வேலை செய்தார். 1733இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். தரங்கம்பாடி மிஷனில் அந்தப் பட்டம் பெற்ற முதல் தமிழர் அவர். இப்படி ஆட்கள் அமைந்த பிறகுதான் குறுகிய பயணம் சாத்தியமானது. 1760இல் தரங்கம்பாடி மிஷனெரி சுவார்ட்சு இலங்கைக்குச் சில மாதப் பயணம் போய்வந்தார். ஆனால் 1762இல் தஞ்சைக்கும் திருச்சிக்கும் போன பயணம் வேறு மாதிரி முடிந்தது. திருச்சி அவரை இழுத்துக்கொண்டது, பிறகு தஞ்சை. 1798இல் இறந்ததும் தஞ்சையில்தான்.

பின்னாளில் இன்னொரு குறுகிய பயணமும் பலன் தந்தது: 1902இல் தமிழ்க் கிறிஸ்தவ ஊழியர் வேதநாயகம் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொந்தப் பணத்தில் தமிழகக் கரைக்கு ஊழியம் நடத்துவதைக் கண்டு திரும்பினார். அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது.

2004 டிசம்பர் 26 அன்று தாக்கிய ஆழிப்பேரலை இந்த வரலாற்றில் ஒரு முறிவு. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்திருந்த யாத்திரிகர்களும் அதில் அடக்கம். சில நாட்களில் உள்நாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் குழுக்கள் வந்து குவிந்தன. விமானம் பருவக்காற்றுக்குக் காத்திருப்பதில்லை; துபாஷியைத் தேடவும் வந்தவர்களுக்கு நேரமில்லை. விளைவு சாலையோரத்தில் கிடந்தது. பழைய துணிகளை மீனவர்கள் தொடவில்லை, குவியல் குவியலாக மண்ணில் மட்கின. பின்னர் ஃபைபர் படகுகள் தேவைக்கு மேல் வந்தன. மதம் மாறினால்தான் உதவி என்று சிலர் பேரம் பேசியதாகக் குற்றச்சாட்டும் எழுந்தது. சுற்றுலா விசாவில் வந்தவர் பிரசங்கிக்கக் கூடாது என்பது சட்டம். அதைவிட, துயரத்தில் இருப்பவரிடம் பேரம் பேசுவது அசிங்கம்.

நிலைமையைச் சீராக்கியவை இந்தக் கரையை முன்பே அறிந்த அமைப்புகள். மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான ‘சிஃப்ஸ்’, தொண்டு நிறுவனமான ‘சினேகா’ ஆகியவை மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து 2005 ஜனவரியில் நாகையில் தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பு மையம் தொடங்கின. எந்த ஊரில் என்ன குறை, யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்ற விவரம் ஓரிடத்தில் கிடைத்தது. ஊருக்குள் மீனவர் பஞ்சாயத்தின் சொல்லே சொல். வந்த பொருளைத் தலைக்கட்டு வரிக்கணக்குப்படி பங்கிட்டார்கள். அந்தக் கணக்கில் கணவனை இழந்த பெண்கள் விடுபட்டதும் உண்டு. உள்ளூர் ஏற்பாடு என்பதாலேயே அது நியாயமாகிவிடாது.

இப்போது பயணம் மறுபடி திசை மாறியிருக்கிறது. ஜெர்மனியின் பங்குகளில் கோடை விடுப்பில் போகும் பங்குத்தந்தைக்குப் பதிலாக இந்தியக் குருக்கள் சில வாரங்கள் பூசை வைத்துவிட்டு வருகிறார்கள். பூசை எத்தனை மணிக்கு, எந்த வீட்டில் நோயாளிக்கு நற்கருணை கொடுக்க வேண்டும் என்பதை அங்குள்ள கோயில்பிள்ளையைக் கேட்டுத்தான் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.