பெரியம்மாவின் புல்லட்

புல்லட் வெள்ளைக்காரன் வண்டி என்பார்கள். பாதிதான் உண்மை. ராயல் என்ஃபீல்ட் பிறந்தது இங்கிலாந்தின் ரெட்டிச்சில். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா உருவானது. 350 சிசி புல்லட்டைத் திருவொற்றியூரில் பூட்ட ஆரம்பித்தார்கள். முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, பிறகு அவையும் இங்கேயே தயாராயின. 1970இல் இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டது. 1977இல் நம்மூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. பிறந்த வீடு நொடித்த பிறகு மகள் சீர் கொண்டுபோன கதைதான்.

அப்படியொரு 1968 மாடல், எங்கள் பெரியப்பாவுடையது. அவர் போனபின் முப்பது வருஷம் மாட்டுக்கொட்டகையில் தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. பெரியம்மாவின் மூட்டு ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும். விற்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கேட்டு வந்தவர்கள் எல்லோரும் டேங்க்கைத் தட்டுவதற்கு முன்பே ஒன்றைத்தான் கேட்டார்கள்: "தம்பி, புக் இருக்கா?"

காரணம் இருக்கிறது. புல்லட்டின் வடிவமைப்பு பல பத்தாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. பிந்தைய வண்டியின் பாகம் பழைய வண்டியில் பொருந்திவிடும். கிராமத்து மெக்கானிக்குகள் அதை ஓடவைத்தது இதனால்தான். எது அசல் என்ற சந்தேகம் தீராததும் இதனால்தான். சேஸிஸிலும் இன்ஜினிலும் அடித்த எண்கள் புக்கோடு ஒத்துப்போனால்தான் அது 1968. இல்லையென்றால் வெறும் பழைய இரும்பு.

ஒருவர் நல்ல விலை சொன்னார். டேங்க் தனியாக, ஹெட்லைட் தனியாக. "புக்குக்குத் தனி ரேட்டு தர்றேன்" என்றார். அந்தப் புக் வேறொரு வண்டிக்குப் பிறந்த தேதியாகிவிடும். பெரியப்பாவின் வண்டி இல்லாமல் போய், அவர் நம்பர் மட்டும் யாரோ ஒருவரின் பொய்யோடு ஊர் சுற்றும். இன்னொருவர், ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி. முழு வண்டியாக எடுத்துக்கொள்வேன் என்றார். விலை குறைவு.

2021இல் வந்த மத்திய அரசின் விண்டேஜ் வாகன விதிகள், ஐம்பது வயது தாண்டி, அதிகம் மாற்றப்படாத வண்டிக்குத் தனி மரியாதை தருகின்றன. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். தினசரி ஓட்டத்தான் கூடாது.

பெரியம்மாவிடம் இரண்டு விலையையும் சொன்னேன். "பிரிக்க வேணாம்டா. குறையிறதைப் பசங்க போடட்டும்" என்றாள்.

ஆனால் இறந்தவர் பெயரிலிருந்து நேராக விற்க முடியாது. முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதனால், பின்சீட்டில் ஒருபக்கமாக மட்டுமே உட்கார்ந்து பழகிய பெரியம்மா, விற்பதற்கு முந்தைய சில வாரங்கள் அந்தப் புல்லட்டின் சட்டப்படியான சொந்தக்காரியாக இருந்தாள்.