நீந்தத் தெரியாத கதாநாயகன்

என் மருமான் விடுமுறைக்கு வந்திருந்தான். ஒரு மழை நாள் சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கார் ஓட்டிக்கொண்டிருந்தான். திருட்டுக் கார், பின்னால் போலீஸ். கடற்கரைச் சாலைத் திருப்பத்தில் கை தவறியது. கார் கடலில் பாய்ந்தது. ஓட்டி வந்தவன் வெளியே வந்தான், தத்தளித்தான், செத்துப் போனான்.

“இவனுக்கு நீச்சல் தெரியாதா?” என்றேன்.

“தெரியாது மாமா. எத்தனை பேரை வேணுமானாலும் சுடுவான். தண்ணியிலே விழுந்தா அவ்வளவுதான்.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். “என்ன அண்ணா, நீயுமா?” என்று தங்கை கேட்டாள். மூன்று சாயங்காலம் போயிற்று.

‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: வைஸ் சிட்டி’ 2002 அக்டோபரில் வெளிவந்தது. அதற்கு முந்தின வருஷம் வந்த மூன்றாவது ஆட்டம் அமோகமாக விற்றதால் அடுத்ததைச் சுடச்சுடச் செய்துவிட்டார்கள். செய்தவர்கள் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தில் இருப்பவர்கள். மழையிலும் குளிரிலும் நடுங்கும் ஊரில் உட்கார்ந்து, பனைமரமும் வெயிலும் நிறைந்த ஒரு நகரத்தைக் கற்பனை செய்திருக்கிறார்கள். பெயரை மாற்றியிருந்தாலும் அது அமெரிக்காவின் தெற்குக் கோடியிலுள்ள மயாமிதான். வருஷம் 1986.

முந்தைய ஆட்டத்தின் நாயகன் வாயே திறக்கமாட்டான். இவன், டாமி வெர்செட்டி, நிறையப் பேசுகிறான். பதினைந்து வருஷம் சிறையில் இருந்தவன். போதைப்பொருள் வாங்க வந்த இடத்தில் யாரோ பாய்ந்து பணத்தையும் சரக்கையும் அடித்துக்கொண்டு போகிறார்கள். அதை மீட்பதுதான் கதை. ஆனால் கதையைத் தொடர்ந்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. வழியில் போகும் எந்தக் காரையும் பிடுங்கி, ரேடியோவில் பாட்டைத் திருப்பிவிட்டு, மணிக்கணக்கில் ஊர் சுற்றலாம். நாவல் எழுதுகிறவனுக்கு இது பொறாமை தரும் விஷயம். எங்கள் கதாபாத்திரங்கள் நாங்கள் சொன்ன சந்தில்தான் திரும்புவார்கள்.

குற்றம் செய்தால் திரையின் மூலையில் நட்சத்திரம் முளைக்கிறது. ஒன்றுக்கு ஒரு போலீஸ்காரன். ஆறுக்கு ராணுவமே டாங்கியோடு வந்துவிடும். காருக்கு வேறு வர்ணம் அடித்துவிட்டால் போலீஸ் மறந்துவிடுகிறது! செத்தாலும் ஆஸ்பத்திரி வாசலில், கொஞ்சம் பணமும் எல்லா ஆயுதங்களும் போய், எழுந்து நிற்கலாம். பிற்பாடு டாமி சொத்து வாங்குகிறான்: அச்சகம், சினிமா ஸ்டூடியோ, ஐஸ்கிரீம் கம்பெனி. ஐஸ்கிரீம் வண்டியில் விற்பது ஐஸ்கிரீம் அல்ல.

இதெல்லாம் வெறும் கற்பனை என்று தள்ள முடியவில்லை. 1979 ஜூலையில் மயாமியின் ஒரு கடைவீதியில் பட்டப்பகலில் போதைக் கும்பல் இருவரைச் சுட்டுக் கொன்றது. 1981-இல் பிணக்கிடங்கில் இடம் போதாமல் குளிர்சாதன லாரி ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். கொலம்பியாவிலிருந்து வந்த கொக்கெயின் அந்த நகரத்தில் பணமாகக் கொட்டியது. 1983-இல் ‘ஸ்கார்ஃபேஸ்’ படமும், 1984 முதல் ‘மயாமி வைஸ்’ டெலிவிஷன் தொடரும் அந்த ரத்தத்துக்கு ரோஜா வர்ணம் பூசிவிட்டன. எடின்பரோக்காரர்கள் அந்த வர்ணத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

கடலை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. மயாமியின் அந்தக் காலத்துச் சரித்திரமோ கடல் வழியாக வந்தது. 1980 ஏப்ரலில் ஹவானாவிலிருந்த பெரு நாட்டுத் தூதரகத்துக்குள் பத்தாயிரம் பேருக்குமேல் புகுந்துகொண்டார்கள். காஸ்ட்ரோ மரியேல் துறைமுகத்தைத் திறந்துவிட்டார். மயாமியிலிருந்த உறவினர்கள் இறால் படகையும் உல்லாசப் படகையும் பிடித்துக்கொண்டு போய் அழைத்து வந்தார்கள். அக்டோபருக்குள் சுமார் 1,25,000 கியூபாக்காரர்கள் கரையேறினார்கள். அவர்களுக்குள் சிறையிலிருந்து அனுப்பப்பட்டவர்களும் இருந்தார்கள், சிறு பகுதியினர்தான். சினிமா அந்தச் சிறு பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டது.

ஹெய்தியிலிருந்தும் ஜனங்கள் ஓட்டைப் படகுகளில் புறப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் நாட்டை விட்டு வந்த கியூபாக்காரருக்குக் கதவு திறந்தது. ஹெய்திக்காரர் பிழைப்புத் தேடி வந்தவர் என்று சொல்லப்பட்டார். 1981 செப்டம்பரில், நடுக்கடலிலேயே அவர்களை மறித்துத் திருப்பும்படி ரீகன் உத்தரவிட்டார். அடுத்த மாதம் 26-ஆம் தேதி, மயாமிக்கு வடக்கே ஹில்ஸ்பரோ கடற்கரையில் 33 ஹெய்திக்காரர்களின் உடல்கள் ஒதுங்கின. காலையில் உலாவ வருகிற பணக்காரர்களின் கடற்கரை அது.

ஆட்டத்தில் ‘லிட்டில் ஹெய்தி’ உண்டு. அங்கே இருப்பது ஒரு கும்பல். அதற்குத் தலைவி ஒரு கிழவி. டாமிக்கு ஏதோ கலந்த தேநீர் கொடுத்து வேலை வாங்குகிறாள். கியூபாக் கும்பலுக்கும் இவர்களுக்கும் சண்டை. ஓரிடத்தில் ஹெய்திக்காரர்களைக் கொல்லச் சொல்லி ஒரு வசனம் வருகிறது. கும்பலின் பெயர் இல்லை. ஓர் இனத்தின் பெயர். 2003-இல் நியூயார்க்கில் ஹெய்தி அமைப்புகள் கிளர்ச்சி செய்தன. கம்பெனி மன்னிப்புக் கேட்டு, பின்னால் வந்த பிரதிகளில் அந்த வரியை எடுத்துவிட ஒப்புக்கொண்டது.

வரியை எடுத்தது சரிதான். ஆனால் வைக்காமல் விட்டது என்ன? ஆட்டம் நடக்கும் அதே 1986-இல், பிப்ரவரி 7-ஆம் தேதி, சர்வாதிகாரி டூவாலியே ஹெய்தியை விட்டு ஓடினான். மயாமியின் லிட்டில் ஹெய்தியில் ஜனங்கள் தெருவில் இறங்கி ஆடிப் பாடினார்கள். சட்டையின் பூவைக்கூட அத்தனை கவனமாக ஞாபகம் வைத்தவர்களுக்கு இது தட்டுப்படவில்லை.

இதையெல்லாம் மருமானிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே காரை லிட்டில் ஹெய்திக்குள் மெதுவாக விட்டான். வர்ணம் போன மர வீடுகள். வாசலில் நின்ற இரண்டு பேர் எங்களைக் கண்டதும் துப்பாக்கியை எடுத்தார்கள்.

“2004-லே வந்த அடுத்த ஆட்டத்திலே நீந்துவான் மாமா” என்றான், காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டே.