லாவணியைக் காப்பாற்றினார்கள், ஆடிய பெண்களை?

2024 அக்டோபரில் அமெரிக்காவின் மெக்ஆர்தர் நல்கை வரலாற்றாய்வாளர் ஷைலஜா பைக்குக்கு அறிவிக்கப்பட்டது. அதைப் பெறும் முதல் தலித் பெண் அவர். புனேயின் எரவாடா குடிசைப் பகுதியில் வளர்ந்து சின்சினாட்டி பல்கலைக்கழகப் பேராசிரியரானவர் என்ற செய்தி பரவலாகப் பகிரப்பட்டது. அவர் எதை ஆய்வு செய்தார் என்பது குறைவாகவே பேசப்பட்டது. 2022இல் வெளிவந்த அவரது நூல், மராத்திய நாட்டுப்புற அரங்கான தமாஷாவில் ஆடிய தலித் பெண்களின் வரலாறு.

தமாஷா என்பது பாட்டு, ஆட்டம், நையாண்டி, நாடகம் எல்லாம் சேர்ந்த இரவு முழுக்க நடக்கும் கூத்து. கணபதி வணக்கத்தில் தொடங்கி, கண்ணனும் ஆய்ச்சியரும் பேசும் கவுளண் வழியாக, வக் என்னும் நாடகத்துக்கு வரும். இடையே டோல்கி முழங்க லாவணி. இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. தஞ்சை மராத்தியர் ஆட்சி வழியாக வந்து, எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று நம் ஊர்களில் பாடப்பட்ட அதே லாவணிதான். ஆனால் மராத்திய மண்ணில் அதை ஆடியவர்கள் பெரும்பாலும் மஹர், மாங், கோல்ஹாட்டி சாதிப் பெண்கள்.

இந்தக் கலையைச் சாதியோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதை 1990களிலேயே வலியுறுத்தியவர் புனே பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் ஷர்மிளா ரெகே (1964–2013). பேஷ்வாக்கள் காலத்தில் பெண்கள் அடிமைகளாக விற்கப்பட்டதும், சிருங்கார லாவணி செழித்ததும் ஒரே காலம் என்பதை அவர் கவனித்தார். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் எப்போதும் ஆசையோடு காத்திருப்பவள் என்று பாட்டு சொல்லிக்கொண்டே இருந்தால், அவள் உடலையும் உழைப்பையும் சுரண்டுவது இயல்பாகத் தோன்றும். 'ரசனை' என்ற பெயரில் நடந்தது இதுதான்.

பிறகு வந்தது 'சீர்திருத்தம்'. 1940களின் இறுதியில் பம்பாய் அரசு ஆபாசம் என்று சொல்லித் தமாஷாவைத் தடை செய்தது. கலைஞர்கள் எதிர்த்தார்கள். தடை விலகியது, தணிக்கை வந்தது. 'லோக்நாட்டிய' என்ற புதுப் பெயரோடு நடுத்தர வர்க்க அரங்குகளுக்குள் தமாஷா நுழைந்தது. 1960இல் மகாராஷ்டிரம் தனி மாநிலமான பின் அது மராத்திய அடையாளத்தின் சின்னமானது. சினிமாவும் லாவணியை எடுத்துக்கொண்டது. கலைக்கு மரியாதை கிடைத்தது. ஊர் ஊராகக் கொட்டகை போட்டு ஆடிய பெண்ணின் மீதிருந்த இழிவு மட்டும் அப்படியே இருந்தது.

விட்டாபாய் நாராயண்காவ்கரை எடுத்துக்கொள்வோம். மாங் சாதியில் 1935இல் பிறந்தவர். தமாஷா பேரரசி என்று போற்றப்பட்டவர். ஆட்டத்துக்கு நடுவே மேடைக்குப் பின்னால் பிள்ளை பெற்றுவிட்டு மீண்டும் ஆட வந்தார் என்ற கதையை மகாராஷ்டிரத்தில் பெருமையாகச் சொல்வார்கள். குடியரசுத் தலைவர் கையால் விருதும் பெற்றார். 2002இல் வறுமையில் இறந்தார். இன்று அவர் பெயரில் அரசு விருது வழங்குகிறது. அந்தப் பிரசவக் கதையை அர்ப்பணிப்பு என்று கொண்டாடுபவர்கள், ஒரு நாள் ஓய்வுகூட எடுக்க முடியாத நிலையில் அவரை வைத்தது எது என்று கேட்பதில்லை.

பைக் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். பழைய மராத்தி ஆவணங்களைத் தேடியதோடு, தமாஷா பெண்களிடமே போய் உட்கார்ந்து பேசினார். சாதி, பால், பாலியல் மூன்றும் பின்னிக்கிடக்கும் ஒரே கட்டமைப்பாக அவர் இதைப் பார்க்கிறார். 'அஷ்லீல்' என்ற ஆபாச முத்திரை ஆட்டத்தின் மீது குத்தப்பட்டது போலத் தெரியும். உண்மையில் அது ஆடுபவரின் சாதி மீது குத்தப்பட்டது என்பது அவர் வாதம்.

இயக்கத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1936 ஜூனில் பம்பாய் தாமோதர் அரங்கில் தேவதாசிகள், ஜோக்தினிகள் உள்ளிட்டோரிடம் அந்த வாழ்க்கையை விட்டு வெளியே வாருங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் பேசினார். தமாஷாவில் புகழ்பெற்ற பட்டே பாபுராவ் தர முன்வந்த பணத்தையும் அவர் ஏற்கவில்லை. பிறவியோடு ஒட்டவைக்கப்பட்ட இழிதொழிலை உதறினால்தான் மனிதர் ஆக முடியும் என்பது அவரது நிலை. பீம்ராவ் கர்டக் போன்றோரின் அம்பேத்கரிய ஜல்சா அதே தமாஷா வடிவத்தை எடுத்து, சிருங்காரத்தை நீக்கி, விடுதலைப் பரப்புரை ஆக்கியது. மாபெரும் சாதனை அது. ஆனால் வெளியேற வழியில்லாத பெண், இயக்கத்தின் கண்ணியத்துக்கும் வெளியே நின்றாள். அவளுக்கும் 'மாணுஸ்கி', அதாவது மனித மாண்பு, உண்டு என்று பைக் வாதிடுகிறார்.

அம்பேத்கரைக் குறைத்துப் பேசுவதாக இதைச் சிலர் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. தொழிலின் இழிவை எதிர்ப்பதும், அதில் சிக்கியவரின் மாண்பைக் காப்பதும் ஒரே போராட்டத்தின் இரு வேலைகள். முதல் வேலையை அண்ணல் தொடங்கிவைத்தார். இரண்டாவதை முடிப்பது நம் தலைமுறையின் பொறுப்பு.

நாட்டுப்புறக் கலையை ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வோம். பாட்டைப் பதிவு செய்யுங்கள், தாளத்தை எழுதிவையுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். ஒரு இரவுக்கு என்ன கூலி, முன்பணக் கடன் எவ்வளவு, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், ஊர்க்காரர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். இவை இல்லாத ஆவணக் காப்பகத்தில் கலை இருக்கும், கலைஞர் இருக்க மாட்டார்.